கோழி அடையாத மஃரிப்

…ஐயோ மகள், அப்புடிப் புடுங்காதீங்க! அந்த வயரத் தொட்டா பெட்டி கோவிச்சிக்கும். மெல்ல… ஆ, அப்புடி. பட்டன கையால அமுக்கி வேலயில்ல, ஈர்க்குக் குச்சியால குத்தணும். இந்தாங்க குச்சி, நானே சட்டப் பையில கொண்டாந்தேன். ரெண்டு தரம் குத்துங்க. ஒரு தரம் குத்துனா எழும்பாது, மூணு தரம் குத்துனா மறுபடி படுத்துரும். ரெண்டுதான் கணக்கு.

கடக்கார யோகேந்திரன் தம்பி எப்ப வருவாரு?… இன்னைக்கி வரமாட்டாரா! அப்ப நீங்கதான் திருத்துறதா? இல்ல… பொம்புளப் புள்ளன்னு சொல்ல வரல்ல… சும்மா கேட்டேன். பேரென்ன மகள்?… சுதர்சினி. எந்தப் பக்கம்?… உக்குவளையா! அட, நாங்க அதுக்கு அங்கிட்டுதானே. ரெயில் பாதையத் தாண்டி நாப்பத்தி மூணு படி ஏறுனா எங்கட பள்ளி. நான் ஜமால்தீன், பள்ளி செக்ரட்டரி. பத்தொம்பது வருஷமா நான்தான்… டீயா? வேணாம் மகள், நோன்பு. நீங்க குடிங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நோன்புகாரனுக்கு முன்னுக்கு டீ குடிச்சா பாவம்னு யாரு சொன்னது? குடிங்க. மணம் வந்தா நான் அங்கிட்டு பாத்துக்கிறேன்.

ஒங்களுக்குப் பெரிய வேல ஒண்ணும் இல்ல. ஒரு துண்டு எழுதித் தரணும், கட சீல் அடிச்சி. ‘கொம்பியூட்டர்ல பிழை இல்ல, பக்கத்துல நின்ன ஆளுலதான் பிழை’ன்னு. அவ்வளவுதான். அந்த ஆளு யாருன்னா… அந்தா, வெளிய த்ரீவீல்ல ஸ்க்ரீன மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, புள்ளைக்கு மொட்டையடிக்கப் போற மாதிரி? அவன்தான். றஹீம். எங்கட மோதினார், பாங்கு சொல்ற ஆளு. ஸ்க்ரீன் இங்கயே ஈக்கு, வேணாம்னு நீங்க சொல்லியும் அவன் கீழ வெக்கல்ல. கீழ வெச்சா நான் ஏசுவேனாம்.

இன்னைக்கி பின்னேரம் அஸர் தொழுத பொறகு பள்ளியில கூட்டம். மூண்டரைக்கி. றஹீம வெச்சிக்கிறதா, நிப்பாட்டுறதான்னு. துண்டு கையில இருந்தா பேச்சு நீளாது.

நடந்தத கேளுங்களேன். முந்தாநேத்து, பதினேழாம் நோன்பு. நோன்பு தொறக்குற நேரத்துக்கு சைரன் அடிக்கிறது இந்தப் பெட்டிதான். சைரன் கேட்டா றஹீம் பாங்கு சொல்லுவான். பாங்கு கேட்டா நூத்தி எம்பத்தேழு வீட்டுலயும் பேரீத்தம்பழம் வாய்க்குள்ள போகும். இதுதான் ஒழுங்கு. அன்னைக்கும் சைரன் அடிச்சிச்சு. பாங்கு சொன்னான். ஊரே தொறந்திச்சு. கஞ்சி குடிச்சோம், அந்தித் தொழுக மஃரிபும் தொழுதோம், நான் வீட்டுக்கு வந்து சமோசாத் தட்டுக்கு முன்னுக்கு உக்காந்தேன். மூணாவது சமோசா. அந்நேரம் பள்ளத்துக்கு அங்கிட்டு, பக்கத்தூர்ப் பள்ளியில… பாங்கு! மஃரிப் பாங்கு!

வாயில சமோசா அப்புடியே நிக்குது மகள். கடிக்கவும் ஏலா, துப்பவும் ஏலா.

அர மணித்தியாலம் முந்தித் தொறந்துட்டோம்! விடியக் கருக்கல்ல இருந்து ஒரு சொட்டுத் தண்ணியில்லாம கெடந்து, ஆத்தக் கடந்து கரையில வழுக்கி விழுந்த மாதிரி. சூரியன் எறங்க முந்தித் தொறந்தா அது நோன்பே இல்ல. தொழுதது தொழுகையும் இல்ல. பள்ளி இமாம் ஹஸ்ரத் அன்னைக்கே மைக்ல சொல்லிட்டாரு, பெருநாள் முடிய எல்லாரும் ஒரு நோன்பு திருப்பிப் புடிக்கணும்னு. சொல்லி வாய மூடல்ல, ஸுலைஹா லாத்தா குடையோட பள்ளிக் கேட்டுக்கு வந்துட்டா. சீனி வருத்தக்காரி, ஒரு நோன்பு புடிக்கிறதே அவளுக்குப் பெரும்பாடு. ‘என்ட நோன்ப கொம்பியூட்டர் தின்டுட்டு, அப்ப கொம்பியூட்டரயே திருப்பிப் புடிக்கச் சொல்லுங்க!’ன்னு நின்னா. குடையக் கக்கத்துல வெச்சிக்கிட்டு வந்தா கோவம். விரிச்சிக்கிட்டு வந்தா மழ. அன்னைக்கி மழையில மடிச்சிக்கிட்டு வந்தா.

ஆ… எழும்பிட்டு பாருங்க! பச்ச மேடு, நீல வானம். இதப் பாத்தாலே மனசுக்கு ஒரு குளிர்ச்சி. இப்ப வர்ற பெட்டியில எல்லாம் இந்தப் படமே இல்லையே.

பாஸ்வேர்டா? தள்ளுங்க, நானே போடுறேன். அங்கிட்டு பாருங்க மகள்… இல்ல, ஒங்கள நம்பாம இல்ல. பாஸ்வேர்டுன்னா பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது. ஸுபைதாவுக்கே தெரியாது. ஹஸ்ரத்துக்குத் தெரியாது, றஹீமுக்குத் தெரியவே தெரியாது. ‘கணினியைச் செயலாளர் தவிர எவரும் தொடலாகாது’ன்னு நோட்டீஸ் போட்ல எழுதி ஒட்டியிருக்கேன், மூணு மொழியில. இங்கிலீசுல மட்டும் ஒரு எழுத்துப் பிழையாம், நப்லான் சொன்னான்.

நப்லான் என்ட தாத்தாட, ஒங்கட பேச்சுல அக்காட, மகன். கொழும்புல கொம்பியூட்டர் வேல. ஊருக்கு வந்தா போதும், பெட்டிய சுத்திச் சுத்தி வருவான், மையத்துப் பாக்க வந்தவன் மாதிரி. ‘மாமா, இந்த சிஸ்டத்த செஞ்சவங்களே கைய கழுவிப் பன்னெண்டு வருஷமாச்சு. இதுக்கு இனி மருந்தும் இல்ல, காவலும் இல்ல. நெட்ட மட்டும் குடுத்துடாதீங்க’ன்னான். நான் சொன்னேன், ‘தம்பி, என்ட உம்மாட அம்மிய செஞ்ச ஆளு மௌத்தாகி அறுவது வருஷம், அம்மி இன்னும் அரைக்குதே?’ அவன் சொல்றான், ‘மாமா, அம்மிக்கு நெட் குடுக்கல்லையே.’ கொழும்புக்குப் போனா வாய்தான் நீளும் போல.

நெட் குடுத்தேன்தான். பள்ளிக்கு வைஃபை வந்திச்சு, பெட்டி மட்டும் பாத்துக்கிட்டா இருக்கும்?… அதுக்குப் பொறகு ஒரே ஒரு தொந்தரவு. வெள்ளிக்கிழம ஜும்ஆ பயான், பிரசங்கம் நடக்குது. ஹஸ்ரத் கபுரு வேதனைய, மண்ணுக்குள்ள படப்போறதப் பத்திப் பேசி, சனம் அழுவுற நேரம். ஸ்பீக்கர்ல ஒரு வெள்ளக்காரி, ‘கங்கிராஜுலேஷன்ஸ்!’ங்கிறா. ‘யூ ஹேவ் வொன்!’ங்கிறா. ஊர் முழுக்கக் கேட்டிச்சு மகள். பக்கத்தூர்க்காரன் இன்னைக்கும் என்னக் கண்டா ‘செக்ரட்டரி, என்ன வென்டீங்க?’ன்னு கேக்குறான். அன்னைக்கி இருந்து ஜும்ஆ நேரம் வயரக் கழட்டிருவேன். அவ்வளவுதானே, திருத்தியாச்சு. இதுக்குப் போய்ப் புதுப் பெட்டியா?

என்ன, என்னத்த எண்ணுறீங்க? அது என்ன ஓடிக்கிட்டே ஈக்கு, செவப்பா?… வைரஸா! எத்தன?… முன்னூத்தி பதினாறா? யா அல்லாஹ், எங்கட ஜமாஅத்த விட பெரிய ஜமாஅத் உள்ளுக்கு ஈக்கே! கலியாண வீடியோக்காரன் பென் டிரைவ் குத்துவான், அதுல வந்திருக்கும்… மெய்யாவா, ஜனாஸா அறிவித்தல், வீட்டு லிஸ்ட், போன் நம்பர் எல்லாம் வெளிய போகலாமா? நூத்தி எம்பத்தேழு வீட்டு நம்பருமா?… ஸுலைஹா லாத்தாவுக்குப் போன மாசம் ஒருத்தன் போன் பண்ணி, பேரு சொல்லி, வாப்பா பேரும் சொல்லி, பரிசு விழுந்திருக்கு, நம்பர் ஒண்ணு வரும் அத சொல்லுங்கன்னு கேட்டானாம். நல்ல வேளை, அவளுக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியாது. ஊரே அன்னைக்கி சிரிச்சோம்… ம். அது இதுலருந்தா?

சரி, அப்ப எழுதுங்க மகள், ‘வைரஸ்’னு. வைரஸ் நேரத்தக் கொழப்பிட்டுன்னு எழுதலாம்தானே?… நேரத்தத் தொடல்லையா. முன்னூத்தி பதினாறுல ஒண்ணுக்குக் கூடவா ஏலாது? சோம்பேறிகள்.

அப்ப றஹீம்தான். மோதினார்னா வானத்தப் பாக்கணும்தானே? அன்னைக்கி மழ இருட்டு, சரி. ஆனாலும் பாக்கணும். இல்ல, அவன் கேட்டான்… பொய் சொல்ல ஏலா, நோன்போட இருக்கேன். சைரன் அடிச்ச நேரம் மைக்கப் புடிச்சிக்கிட்டு என்னப் பாத்தான். ‘ஜமால்தீன் நானா, என்ட உருலோசுல அஞ்சு அம்பத்தொண்ணுதான் காட்டுது’ன்னான். அவன்ட வாப்பாட உருலோசு, சாவி குடுக்குறது, கண்ணாடியில கீறல். நான் சொன்னேன், ‘நீ மோதினாரா, உருலோசுக் கடையா? பெட்டி சொன்னா சொன்னதுதான், சொல்லு பாங்க’ன்னு. அப்புடி நான் சொன்னாலும் அவன் யோசிச்சிருக்கணுமில்லையா? பதினொரு வருஷமா பாங்கு சொல்றான், ஒரு நாளாவது என்ட பேச்சத் தட்டியிருக்கானா? அந்தப் பழக்கம்தான் அவன்ட குற.

ஸுபைதாவும் அப்புடித்தான். நான் நோன்பு தொறந்து தொழுதுட்டு வீட்டுக்குள்ள வர்றேன், அவ பேரீத்தம்பழத்தக் கையில வெச்சிக்கிட்டு முத்தத்தப் பாக்குறா. ‘கோழி ஒண்ணும் இன்னும் கூட்டுக்கு வரல்லையே, அதுக்குள்ள மஃரிபா?’ன்னா. நான் சொன்னேன், ‘கோழிக்கு என்ன நோன்பா? நீ தொற.’ தொறக்கல்ல மகள். கோழி அடையட்டும்னு இருந்தா. நூத்தி எம்பத்தேழு வீட்டுல அன்னைக்கி நோன்பு நெறவேறுனது என்ட பொண்டாட்டிக்கு மட்டும்தான். ரெண்டு நாளா விடியக் கருக்கல்ல சஹருக்கு சோறு போடுற நேரமெல்லாம் கோழிக்கூட்ட ஒரு பார்வ பாக்குறா.

அவனுக்குப் பாவம்தான், நான் இல்லேங்கல்ல. பள்ளிக்குப் பின்னுக்கு அறையிலதான் குடித்தனம். பொண்டாட்டி றிப்காவுக்கு எட்டு மாசம். நிப்பாட்டுனா பெருநாளைக்கி முந்தி அறைய விடணும். சொந்த ஊர் வில்கமுவக்குத்தான் போகணும், அங்க பஸ் நெனச்ச நேரம்தான் வரும், ஆஸ்பத்திரின்னா ட்ரெக்டர்லதான் ஏத்தணும். ஆனா ஊர் கொதிச்சிப் போய் ஈக்கு மகள். யாரு மேலயாவது போட்டாத்தான் ஆறும். செக்ரட்டரி மேல போட்டா பள்ளிக்கே மரியாதக் கொறவு. றஹீம் மேல போட்டா… அவனுக்கு என்ன, சத்தமே போடமாட்டான். கூட்டத்துல கேட்டா ‘நானா சொன்னாரு’ன்னு கூட சொல்லமாட்டான். எனக்குத் தெரியும் அவன. அதுதான் துண்டு.

ஆ! சைரன்! கேட்டீங்களா? பகல் தொழுக, லுஹர்! பன்னெண்டு பதினேழு! பாத்தீங்களா, கடையில கொண்டு வந்து வெச்சாலும் கடமைய மறக்கல்ல. வருஷம் முழுக்க அஞ்சு நேரத்தயும் கலண்டரப் பாத்து நானே அடிச்சேன் மகள், ஆயிரத்தி எண்ணூத்தி இருவத்தஞ்சு நேரம். நப்லான் தேடிப் பாத்தான், ஒரு பிழை காண ஏலல்ல. சரி, பக்கத்துல பள்ளி எந்தப் பக்கம்? நான் தொழுதுட்டு வந்துர்றேன், நீங்க அதுக்குள்ள துண்ட…

என்னத்துக்குப் போனக் காட்டுறீங்க?… பதினொண்ணு நாப்பத்தேழா? ஒங்கட போன் பிழை. சொவர் மணிக்கூடு… அதுவும் பதினொண்ணு நாப்பத்தேழு. அப்ப… பெட்டி இன்னும் அர மணித்தியாலம் முந்தித்தான் ஓடுதா?

இல்ல, முந்தாநேத்து வயரப் புடுங்குனதுதான், யாரும் தொடல்ல. தொட ஏலாதே, பாஸ்வேர்டு என்கிட்டதானே.

எங்க? அந்த நேரத்துக்கு மேல ரெண்டு தரம் அமுக்குனா வர்ற கட்டமா? தெரியும், தெரியும், ஒலகப் படம் வருமே. அதுல ஊர்ப் பேரு… ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’. சரிதானே? எங்கட நாடுதானே? அதுல என்ன பிழை?… ஆமா, முந்தி வேற பேரு இருந்திச்சு. சென்னை, கல்கத்தா, மும்பாய், புதுடில்லின்னு. நான்தான் மாத்துனேன். பின்ன என்ன மகள்? முந்தாநேத்து பகல் மெச்சுல இந்தியாகிட்ட தோத்துட்டு வயிறு எரிஞ்சிக்கிட்டு வர்றேன். இருவத்தேழாம் நோன்பு என்ன கெழமைன்னு பாக்கப் பெட்டியில நேரத்த அமுக்குனா, சென்னையாம், கல்கத்தாவாம்! மாத்தளைப் பள்ளிவாசல் கல்கத்தா நேரத்துலயா தொழுறது? இருவது வருஷமா ஒருத்தன் கண்ணுல படல்லையேன்னு, எங்கட நாட்டுப் பேரத் தேடி எடுத்துப் போட்டேன். ‘ஓகே’ அமுக்குனேன். ஒரு பெருமையாக் கூட இருந்திச்சு…

நேரம் பாஞ்சிச்சா?… பாஞ்சிருக்கும். அஞ்சு பத்துக்கு உக்காந்தேன், எழும்புறப்போ அஞ்சு நாப்பத்திரெண்டு காட்டிச்சு. நோன்போட இருந்தா நேரம் போறது தெரியாதுன்னு நெனச்சேன்.

என்ன சொல்றீங்க? மெல்ல சொல்லுங்க. இந்த சிஸ்டம் வந்த காலத்துல எங்கட நாட்டு நேரம் அர மணித்தியாலம் முந்தியா?… ஆ… ஆ! ஞாபகம் ஈக்கு. ரெண்டாயிரத்து ஆறு, சித்திர வருசத்தோட கவர்ன்மெண்டு நேரத்தப் பின்னுக்குத் தள்ளிச்சே! ஒண்ணு ரெண்டு வீட்டுல பழைய நேரம், புது நேரம்னு ஒரு மாசம் சண்ட. பெட்டி வந்தது அதுக்கு முந்தின வருஷம். ஜிப்ரி ஹாஜியார் கொண்டாந்து குடுத்தாரு, சிஸ்டத்தக் கொப்பி சீடியில போட்டு. அப்ப இதுக்கு… நாட்டுல நேரம் மாறுனது இன்னும் தெரியாதா? யாரும் வந்து சொல்லல்லையா? புதுப் பெட்டிக்கெல்லாம் அப்டேட்ல போய்ச் சொல்லியாச்சு, இதுக்கு மட்டும்… அந்த அப்டேட் கட்டம் வர்ற நேரமெல்லாம் நான்தான் குறுக்குக் கோட்ட அமுக்கி மூடுனது. பிச்சக்காரன வெரட்டுற மாதிரி.

அப்ப அந்த சென்னை, கல்கத்தாவ வெச்சது… ஜிப்ரி ஹாஜியாரேதானா? இப்ப எங்கட நேரமும் இந்தியா நேரமும் ஒண்ணுதானே, நேரம் சரியா வரட்டும்னு தெரிஞ்சே வெச்சிருக்காரு மனுஷன். சொல்லாமலே மௌத்தாகிட்டாரு. இல்ல… சொன்னாரு. ‘ஜமால்தீன், நேரத்துல மட்டும் கை வெச்சிடாத’ன்னு சொன்னாரு. நான் அவரு பெட்டி மேல பெருமயில சொல்றாருன்னு நெனச்சேன்.

எழுதிட்டீங்களா? ஸ்க்ரீன்ல காட்டுங்க, வாசிக்கிறேன். ‘நேர வலயம் கையால் மாற்றப்பட்டுள்ளது. கடவுச்சொல் தெரிந்தவரால் மட்டுமே இதை மாற்ற முடியும். இந்தக் கணினி இனிப் பாவனைக்கு உகந்ததல்ல.’ …யாரு பேரும் போடல்லதானே? நல்லது, நல்லது. மரியாத தெரிஞ்ச புள்ள… ஆனா மகள், அந்த ரெண்டாவது வரி. அத மட்டும் வெட்டிருங்களேன். நோட்டீஸ் போட்ல மூணு மொழியில ஒட்டி ஈக்கே! அத வாசிச்ச சின்னப் புள்ளையும் சொல்லுமே யாருன்னு. சுருக்கமா இருந்தா சீலுக்கும் எடம் கூட கெடைக்கும்… ப்ரிண்ட் எடுத்துட்டீங்களா? அவசரம் என்னத்துக்கு! நான் என்ன சொல்றேன்னா, பழைய பெட்டி, பழைய மனுஷன், இதுல யாருட பிழைன்னு கணக்குப் பாக்கப் போனா கவர்ன்மெண்டும் சேரும். நேரத்த மாத்துனது அவங்கதானே? அத ஒரு வரியில போடலாம். ‘கவர்ன்மெண்டு’ன்னு வேணாம், ‘காலமாற்றம்’னு போடுங்க. அழகா ஈக்கும். மைக்ல வாசிக்கவும்…

மகள்?

கதிர சும்மா சுத்துது. பெட்டியும் இல்ல. மகள்!… அட, த்ரீவீலுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. மேல அந்தத் துண்டு… துண்ட றஹீம் கையில குடுக்குறாளே! ஏய், ஏய், அது என்ட துண்டு! காசு நான்தானே… யா அல்லாஹ், செருப்பு எங்க?

…வா றஹீம், வா. உள்ளுக்கு வா. என்னத்துக்கு ஸ்க்ரீனோட வர்ற, வெச்சிட்டு வாவேன். என்ன பாக்குற? வாசிச்சிட்டியா?… இல்லையா? மடிச்ச மாதிரியே ஈக்கே. ஏன் வாசிக்கல்ல?… எனக்கு எழுதுனதா. அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல்லையா, உனக்குன்னு?… சொல்லியும் வாசிக்கல்ல. நானாட கையில குடுக்கணும்னு கொண்டாந்தியா.

நீட்டாத றஹீம். நீயே வெச்சிக்க. மேல் பையில வை, பொத்தானப் போடு. என்ட பையில வெச்சா நாப்பத்தி மூணு படி ஏறுறதுக்குள்ள தொலஞ்சி போகும், என்ன எனக்குத் தெரியும். அஸருக்குப் பொறகு எல்லாரும் உக்காந்த பொறகு எடுத்து மைக்ல வாசி. நான் நடுவுல பேச வந்தா, மைக்கத் தராத.

என்ன?… லுஹருக்கு நேரமா? யாரு சொன்னா? பெட்டியத் திரும்பிப் பாக்காத. அதுட சத்தம் இனி வேணாம். உன்ட உருலோசக் காட்டு… அந்தக் கீறலால எனக்குத் தெரியல்ல. நீயே சொல்லு.

பன்னெண்டு பதினேழா? …நீ சொன்னா சரிதான். நட.